மகரக்கட்டும் மறுபிறப்பும்: பி. யு. சின்னப்பா பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

தமிழ்ச் சினிமாவின் முதலிரு தசாப்தங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பி. யு. சின்னப்பாவின் வாழ்க்கையைப் பெரும்பாலும் ஓர் அடியார் சரித்திரம் போலவே சொல்லிச் செல்கின்றனர். புதுக்கோட்டையிற் பிறந்த ஏழைச் சிறுவன் பாலர் நாடகக் கம்பனியிற் சேர்ந்து மீசை முளைக்குமுன்னரே ஊரூராகப் புகழ்பெற்றான்; குரல் உடைந்தது, புகழும் போயிற்று; படங்களில் நடித்தும் மேலெழ இயலவில்லை; மனமுடைந்து மௌன விரதம் பூண்டான்; விரதத்தின் பயனாய்ச் சேலத்திலிருந்து அழைப்பு வந்தது; 1940இல் 'உத்தம புத்திரன்' வெளியாக, இழந்த புகழ் பன்மடங்காகத் திரும்பிற்று. இக்கதையின் அமைப்பு நமக்குப் புதியதன்று. நாடிழந்து, காடு சென்று, சுடலை காத்து, ஈற்றில் தெய்வ அருளால் அனைத்தையும் மீளப்பெறும் அரிச்சந்திரனின் கதை அது. பின்னர் அவரே திரையில் நடித்த அக்கதையின் அச்சிலேயே அவருடைய வாழ்க்கையும் வார்க்கப்பட்டுவிட்டது.

சின்னப்பா விரதம் இருந்ததை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயின், ஒருவர் வாய்மூடி இருந்தமையால் ஒரு தொழிலின் நிலைமைகள் மாறிவிடுவதில்லை. 1930களிற் கேட்பாரற்றுப் போன ஒரு நடிகருக்கு 1940இல் இடம் கிடைத்தது எவ்வாறு என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. விடையை அவருடைய மனவுறுதியில் மட்டும் தேடுவோமாயின், அதே கம்பனிகளில் அதே வயதிற் குரலிழந்து வெளியேறிப் பெயரின்றி மறைந்த நூற்றுக்கணக்கான சிறுவர்களிடம் மனவுறுதி இருக்கவில்லை என்றும் கூற நேரிடும். அது அநீதியான கூற்று.

முதலில் பாலர் கம்பனி என்னும் நிறுவனத்தைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வயதுவந்த நடிகர்களைக் கொண்ட நாடகக் குழுக்கள் ஒழுங்கின்றிச் சிதறின. நடிகர் சொன்ன இடத்துக்கு வருவதில்லை. எழுதிக் கொடுத்த பாடலைப் பாடுவதில்லை. முன்பணம் பெற்றுக்கொண்டு வேறு குழுவுக்குச் சென்றுவிடுவர். இதற்கு மாற்றாகவே சிறுவர்களை மட்டும் கொண்ட சபைகள் தோன்றின என்று பொதுவாகக் கூறப்படும். சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918இல் மதுரையில் அமைந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா இவற்றுட் பெரிதும் அறியப்பட்டது. ஒழுக்கம், பயிற்சி, தூய தமிழ்ப் பாடம் ஆகியன இச்சபைகளின் சாதனைகள் என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றின் பொருளாதார அடிப்படையை நாடக வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமற் செல்கின்றனர். வளர்ந்த நடிகன் தன் உழைப்பை யாருக்கு விற்பது என்று தானே தீர்மானித்தான். சிறுவனின் உழைப்பை அவனுடைய பெற்றோர் ஒப்பந்தம் செய்து கொடுத்தனர். உணவும் உறைவிடமும் கம்பனி வீட்டிலேயே. சம்பளமோ சொற்பம். பாடத்தைப் பிழையாகச் சொன்னால் அடி. டி. கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' (1972) நன்றியுணர்வோடு எழுதப்பட்ட நூலாயினும், ஆறு வயதிற் கம்பனிக்குள் நுழைந்த ஒரு குழந்தையின் உலகம் எத்தகையது என்பதை அதனைக் கவனமாகப் படிப்போர் அறிந்துகொள்வர்.

1916இற் பிறந்த சின்னப்பா அத்தகைய உலகுக்குள் வந்தவர். அவருடைய தந்தையாரும் மேடை நடிகரே. பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. கயிறு திரிக்கும் கடையிற் சிறிதுகாலம் வேலை பார்த்ததாகவும், பின்னர் தத்துவ மீனலோசனி சபையிற் சில மாதங்கள் இருந்துவிட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பனியிற் சேர்ந்ததாகவும் அவரைப் பற்றிய குறிப்புகள் கூறும். கம்பனி முதலாளி சச்சிதானந்தம் பிள்ளை தொடக்கத்தில் நிர்ணயித்த மாதச் சம்பளம் 15 ரூபா. ஒருநாள் சிறுவன் தனியே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்ட முதலாளி அதனை 75 ரூபாவாக உயர்த்திக் கதாநாயக வேடமும் கொடுத்தார் என்பது எல்லோரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி. முதலாளியின் ரசனைக்குச் சான்றாகவே இது கூறப்படுகிறது. எமக்கோ இது வேறொன்றையும் உணர்த்துகிறது. ஒரே சிறுவன், ஒரே உழைப்பு. குரல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதும் அவன் விலை ஐந்து மடங்காயிற்று. ஆகவே அந்தக் கம்பனி வாங்கிய பண்டம் எது என்பதில் மயக்கத்துக்கு இடமில்லை.

அக்குரலுக்கு ஏன் அத்துணை மதிப்பு? ஒலிவாங்கி இல்லாத காலம். காஸ் விளக்கொளியிற் கொட்டகையின் கடைசி வரிசையில் மண்ணிலே குந்தியிருப்பவனுக்கும் பாட்டுக் கேட்டாக வேண்டும். நாலு, ஐந்து கட்டைச் சுருதியிற் பிசிறின்றி எழும் குரலே அங்குச் சென்றடையும். பருவமெய்தாத சிறுவனின் தொண்டை இதற்கு இயல்பாகவே பொருந்திற்று. எஸ். ஜி. கிட்டப்பா போன்று வளர்ந்த பின்னரும் அவ்வுச்சத்தைத் தக்கவைத்துக் கொண்டோர் மிகச் சிலரே. அவரும் 1933இல் இருபத்தேழாவது வயதிற் காலமானார். ஏனைய சிறுவர்க்கெல்லாம் ஒரு நாள் வந்தே தீரும். அந்நாளை நாடக உலகினர் 'மகரக்கட்டு' என்ற சொல்லாற் சுட்டினர். பதின்மூன்று முதற் பத்தொன்பது வயதுக்குள் எப்பொழுதோ குரல் கரகரத்து உடையும். சிலருக்குச் சில மாதங்களில் தெளியும், சிலருக்குத் தெளிவதேயில்லை. மகரக்கட்டு வந்த ராஜபார்ட் காவற்காரன் வேடத்துக்கு இறங்குவான், அல்லது திரைச்சீலை இழுப்பான், அல்லது ஊர் திரும்புவான். ஆலைத்தொழிலாளியின் கை இயந்திரத்திற் சிக்கினால் அதனை விபத்து என்கிறோம். இங்கு விபத்து நாட்குறிப்பில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. முதலாளியின் கணக்கிலும் அது சேர்த்தே எண்ணப்பட்டிருந்தது. அடுத்த சிறுவன் ஏற்கெனவே பின்வரிசையிற் பாடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

இதே இடர்ப்பாட்டை டி. கே. எஸ். சகோதரர்கள் கடந்த விதத்தை ஒப்பிட்டு நோக்கலாம். 1925இல் அவர்கள் தமக்கெனச் சொந்தச் சபை ஒன்றை நிறுவினர். சண்முகத்தின் குரலும் வளர்ந்து மாறவே செய்தது. ஆனால் சபை அவர்களுடையது. எந்த நாடகத்தை எழுதுவிப்பது, எந்த வேடத்தை யார் ஏற்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அவர்களுடையதே. சிறுவயதில் அபிமன்யுவாகப் புகழ்பெற்றவர் பின்னாளிற் கூன்விழுந்த ஔவைக் கிழவியாக வேடமேற்று, அப்பெயரையே தம் பெயரின் முன்னொட்டாகப் பெற்றார். சின்னப்பாவிடம் சபை இருக்கவில்லை. தொண்டை மட்டுமே இருந்தது. கலைஞனின் மறுபிறப்பு என்று நாம் வியந்து பேசுவதன் பின்னே உற்பத்திச் சாதனம் யாருடையது என்ற சாதாரணக் கேள்வி எப்பொழுதும் நிற்கிறது.

கம்பனியை விட்டு விலகிய பின்னர் சின்னப்பா செய்தவை மிகுந்த கவனத்துக்குரியன. ஒருபுறம் அவர் முறைப்படி கர்நாடக இசை பயின்று கச்சேரி செய்ய முனைந்தார். மறுபுறம் சிலம்பம், குஸ்தி, பாரம் தூக்கல் முதலியவற்றில் ஈடுபட்டார். இவற்றைத் திக்குத் தெரியாத இளைஞனின் அலைச்சல் என்று தள்ளிவிடுதல் எளிது. நுணுகி நோக்கின், தன் பழைய பண்டம் அழிந்துபோன ஒருவன் தன்னிடம் விற்கத்தக்கது வேறென்ன உண்டு என்று தன் உடம்பையே துருவிப் பார்த்த முயற்சியாக அது தோன்றும்.

கச்சேரி அவரை ஏற்கவில்லை. அது வியப்பன்று. 1930களிற் சங்கீத சபைகள் நகர்ப்புற மேல்மத்திய வர்க்கத்தின், சிறப்பாகப் பிராமணரின், பண்பாட்டுக் கோட்டைகளாக உருவாகிக் கொண்டிருந்தன. நாடகப் பாட்டு அங்கே 'டப்பா' எனத் தாழ்த்தப்பட்டது. நாடகக்காரன் கல்யாணி பாடினாலும் அது நாடகக்காரனின் கல்யாணியே. ஆனால் அப்பயிற்சி வீண்போகவில்லை. உச்சத்தை இழந்த குரலுக்கு லயத்திலும் சுரக்கோவையிலும் ஒரு புதிய பிடிமானம் கிடைத்தது. அதேபோன்று கோதாவிற் பெற்ற உடற்கட்டுக்கும் அக்கால மேடையில் இடமிருக்கவில்லை. நின்று பாடுபவனுக்குத் தோள்வலிமை எதற்கு? இரண்டு முதலீடுகளும் அவற்றுக்குரிய சந்தை தோன்றுமுன்னரே செய்யப்பட்டுவிட்டன என்று கூறலாம்.

இடைக்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது 'ஸ்பெஷல் நாடகம்'. கண்டிராக்டர் ஒருவர் ஓரிரவுக்கென ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட்டையும் இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட்டையும் தருவித்து, ஒத்திகையின்றியே மேடையேற்றுவார். யார் யாரை மடக்குவது என்ற தர்க்கமே அதன் உயிர். ஈழத்து வாசகர்க்கு இம்முறைமை அந்நியமானதன்று. தென்னிந்தியக் கலைஞர்களைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அழைத்துவந்தோர் இத்தகைய கண்டிராக்டர்களே. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களின் நடுப்பகுதியில் இணைந்து நடிக்கத் தொடங்கியதும் கொழும்பிலேயே. அம்மரபின் யாழ்ப்பாணக் கிளையைப் பின்னாளில் நடிகமணி வி. வி. வைரமுத்து 'மயான காண்டம்' மூலம் பல்லாண்டுகள் கட்டிக்காத்தார் என்பதை நாமறிவோம். (நமது இசை நாடகம் பாலர் கம்பனியின் கெடுபிடிக்குட் சிக்காது ஊர்ச்சபைகளின் கையில் வளர்ந்தமை தனியே ஆராயத்தக்கது.) ஸ்பெஷல் நாடகம் சின்னப்பாவுக்கு அளித்தது உடனடிச் சமயோசிதம். எதிரே நிற்பவர் என்ன எடுத்துவிட்டாலும் அதனை வாங்கித் திருப்பும் ஆற்றல் அங்கேதான் கைவந்தது.

1931இல் 'காளிதாஸ்' வெளியானதோடு தமிழிற் பேசும்படம் பிறந்தது. 1936இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவலைத் தழுவிய 'சந்திரகாந்தா' மூலம் சின்னப்பா திரைக்கு வந்தார். 'ராஜமோகன்', 'அநாதைப் பெண்', 'யயாதி', 'பஞ்சாப் கேசரி', 'மாத்ருபூமி' எனப் படங்கள் தொடர்ந்தன. அவை எவையும் அவரை நிலைநிறுத்தவில்லை. காரணம் தெளிவு. அன்றைய தமிழ்ப் படம் பெரும்பாலும் கமராவின் முன் கிடத்தப்பட்ட மேடையே. நாற்பது, ஐம்பது பாடல்கள். அசையாது நின்று பாடும் நாயகன். அப்போட்டியில் எம். கே. தியாகராஜ பாகவதரின் எதிரே நிற்பது எளிதன்று. 1937இல் 'சிந்தாமணி' ஒரே கொட்டகையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதே ஆண்டில் 'அம்பிகாபதி'யும் வந்தது. பாகவதரின் குரல், கம்பனிச் சிறுவர்கள் இழந்த அந்த உச்சத்தை வளர்ந்த ஆணிடம் கேட்கும் இன்பத்தை மக்களுக்குத் தந்தது. சின்னப்பா இழந்த பொருளையே அவரிடம் மீண்டும் கேட்டனர் படமுதலாளிகள். அவர் எவ்வாறு வெல்ல முடியும்? 1939இன் இறுதியில் அவர் கையிற் படமில்லை. விரதம் பற்றிய கதை வருவது இங்கேதான்.

சேலத்து மொடேர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் நூல் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிற் நெசவுத் தொழில்நுட்பம் கற்றவர். 1930களின் நடுப்பகுதியில் அவர் நிறுவிய ஸ்ரூடியோவை ஓர் ஆலையைப் போலவே நடத்தினார். மாதச் சம்பளத்துக்கு நடிகர், எழுத்தாளர், இசைக்குழு. குறித்த நேரத்தில் வேலை. குறித்த நாளிற் படம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்று அவசரமாக எடுத்துத் திரும்பிய முந்திய முறையோடு ஒப்பிடுகையில் இது தமிழ்ச் சினிமாவில் முதலாளித்துவ உற்பத்தி முதிர்ச்சி பெற்ற கட்டம் எனலாம். ஆலைக்கு வேண்டியது அருள்பெற்ற குரலொன்றன்று. பலவகை வேலைகளை நம்பகமாகச் செய்யவல்ல தொழிலாளியே. பாடவும், வாள் சுழற்றவும், குதிரையேறவும், பாய்ந்து பாய்ந்து பேசவும் ஒருசேர வல்லவர் அன்று எத்தனை பேர்? அலெக்ஸாந்தர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய 'உத்தம புத்திர'னில் ஒரே முகமுடைய இரு இளவரசர்களாகச் சின்னப்பா நடித்தார். தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடம் இதுவென்பர். அரண்மனையில் வளர்ந்த கொடியவன் ஒருவன். அரண்மனைக்கு வெளியே வளர்ந்த நல்லவன் மற்றவன். முடியாட்சியைக் கேள்விக்குட்படுத்தாது நல்ல அரசனைக் கொணர்ந்து முடிக்கும் இக்கதையின் நிலமானியச் சிந்தனை வெளிப்படை. ஆயினும் கொட்டகைத் தரையில் இருந்தவன் கண்டது இன்னொன்று: எளியோரிடையே வளர்ந்தவனுக்கும் அரசனுக்கும் ஒரே முகம்.

ஒலிவாங்கியின் பங்கு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கடைசி வரிசைக்குக் குரலை எறிய வேண்டிய தேவையை அது ஒழித்தது. தணிந்த, கனத்த, வேகமான, சொல்லழுத்தம் மிக்க ஒரு வளர்ந்தவனின் குரல் முதன்முறையாகக் கேட்கத்தக்கதாயிற்று. மகரக்கட்டு அவனிடமிருந்து பறித்ததை இயந்திரம் திருப்பிக் கொடுக்கவில்லை. அது தேவையில்லாத ஒரு நிலைமையை உருவாக்கிற்று. தொழில்நுட்பமே கலைஞனைப் படைத்தது என்று இதனை விளங்கிக்கொள்ளும் எமது நண்பர்கள் சிலருடன் எமக்கு உடன்பாடில்லை. அதே ஒலிவாங்கியின் முன் 1936 முதல் 1939 வரை நின்றவர் அதே சின்னப்பாதான். இயந்திரம், அதனை ஆலையாக ஒழுங்குபடுத்திய முதலாளி, பயன்படாத காலத்திலும் தன் உழைப்பாற்றலைப் பண்படுத்தி வைத்திருந்த நடிகன் ஆகிய மூன்றும் 1940இற் சந்தித்தன.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. 'ஆர்யமாலா' (1941), 'கண்ணகி' (1942), 'மனோன்மணி' (1942) ஆகியன தொடர்ந்தன. 'கண்ணகி'யில் இளங்கோவனின் உரைநடை வசனம் பெற்ற வரவேற்பு, பாட்டின் ஏகபோகம் தளர்வதைக் காட்டிற்று. போர்க்காலத்திற் பிலிம் தட்டுப்பாட்டால் அரசு படத்தின் நீளத்தைப் 11,000 அடியாக மட்டுப்படுத்தியபோது பாடல்களின் தொகையும் குறைந்தது. பேச்சும் செயலும் முன்வந்தன. நிலைமைகள் மேலும் அவர் பக்கம் சாய்ந்தன. 'ஜகதலப்பிரதாப'னில் (1944) ஒரு கச்சேரிக் காட்சி உண்டு. பாடுபவரும் சின்னப்பா, சுற்றியிருந்து பக்கவாத்தியம் வாசிப்போரும் சின்னப்பாவே. கமரா வித்தையால் ஒருவரே பலராகித் தமக்குத் தாமே தாளமிட்டுத் தமக்குத் தாமே பதில் சொல்கிறார். கச்சேரி மேடை ஏற்க மறுத்த நாடகக்காரன் திரையில் அந்த மேடை முழுவதையும் தானே நிரப்பிக்கொண்டான் என்று இதனைப் பார்க்கும்போதெல்லாம் எமக்குத் தோன்றும். இது சற்று மிகையான வாசிப்பாகவும் இருக்கலாம். எனினும் ஓர் உழைப்பாளியைப் பலமடங்காக்கிக் காட்டும் இயந்திர யுகத்தின் படிமமாக அக்காட்சியை விஞ்சிய ஒன்று அக்காலத் தமிழ்ப் படங்களில் இல்லை.

அவர் எதனைக் கடக்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். அரசன், இளவரசன், தெய்வாம்சம் பொருந்திய வீரன் என்ற ராஜபார்ட் வட்டத்தை அவர் இறுதிவரை தாண்டவில்லை. அதே கம்பனி மரபில் வந்த என். எஸ். கிருஷ்ணன் சிரிப்பினூடே மூடநம்பிக்கைகளைச் சாடிய காலம் அது. முற்போக்கு விமர்சகர் சின்னப்பாவை ஒதுக்கியமைக்கு இதுவே காரணம், நியாயமான காரணமும்கூட. ஆனால் ஒதுக்குவதனால் ஒருவர் விளங்கிக்கொள்ளப்படுவதில்லை. படங்களிற் சம்பாதித்த பணத்தை அவர் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். சமஸ்தானமே இனி வாங்கலாகாது எனத் தடைவிதித்ததாக ஊரில் வழங்கும் கதை மிகையானதாகலாம். ரசிகர் இதனை வேடிக்கையாகச் சொல்வர். பத்தொன்பது வயதளவில், ஒரு சதமும் ஈடின்றி, தொண்டையோடு சேர்த்து வாழ்க்கையையும் இழந்த ஒருவன் உடைந்துபோகாத பொருளாகச் செங்கல்லைக் கண்டதில் வேடிக்கை ஏதுமில்லை.

1949இல் வெளியான 'ரத்னகுமார்' படத்திற் சின்னப்பா நாயகன்; சிறு வேடமொன்றில் எம். ஜி. ராமச்சந்திரன். ஒரிஜினல் பாய்ஸ் கம்பனியிற் பெண்வேடம் பூண்டு சின்னப்பாவின் எதிரே நடித்த அதே சிறுவன். அவரும் மகரக்கட்டைக் கடந்தவர். உடற்பயிற்சியில் நம்பிக்கை வைத்தவர். ஆனால் அவருடைய உடலை விற்பதற்குப் பாட்டுக் குரல் தேவைப்படவில்லை. பின்னணிப் பாடல் முறை அதற்குள் வேரூன்றத் தொடங்கியிருந்தது. குரல் ஒருவரிடம் வாங்கப்பட்டு முகம் இன்னொருவரிடம் வாங்கப்படும் உழைப்புப் பிரிவினை அது. பாடி நடிப்பவன் என்ற முழுமையான தொழிலாளி, கைத்தறி நெசவாளியைப் போன்றே, தேவையற்றவனாகிக் கொண்டிருந்தான்.

அந்த இரண்டாவது மகரக்கட்டைச் சின்னப்பா எதிர்கொள்ள நேரவில்லை. 1951 செப்ரெம்பர் 23ஆம் நாள் புதுக்கோட்டையில், முப்பத்தைந்தாவது வயதில் அவர் காலமானார். 'சுதர்சன்' அவர் மறைந்த பின்னரே வெளியாயிற்று. மறு ஆண்டில் 'பராசக்தி' வந்தது. அதன் நாயகன் வி. சி. கணேசனும் பாலர் கம்பனியிற் பெண்வேடம் கட்டி வளர்ந்தவரே. நீதிமன்றக் காட்சியில் அவர் பேசினார். பாடல்களை அவருக்காகத் திரைக்குப் பின்னிருந்து பாடியவர் சி. எஸ். ஜெயராமன், தாமும் ஒருகாலத்திற் படங்களில் நடித்துப் பாடியவர்.